உப்புத் தண்ணீரும் முருங்கைச் சாறும்

காய்கறி நாற்று உப்பைத் தாங்கி வளரத் தாவரச் சாறு கொடுப்பது எளிமையான முறை. முருங்கை இலை, அதிமதுர வேர், கடற்பாசி போன்ற ஒன்றைப் பிழிந்து, கிடைக்கும் சாற்றை நிறைய நீரில் கலந்து, அதில் விதையை ஊறவைக்கிறார்கள். இல்லையென்றால் முளைத்து வந்த நாற்றின் இலைமேல் தெளிக்கிறார்கள். இதை உரம் என்றோ பூச்சிமருந்து என்றோ சொல்ல முடியாது. செடியின் உள்ளியக்கத்தைத் தூண்டிவிடும் இத்தகைய பொருள்களுக்குப் பயிர் ஊக்கி என்று பெயர். மண்ணிலிருக்கும் உப்பில் ஒரு சிட்டிகைகூட இதனால் குறையாது. குறையாத உப்புக்கு நடுவே நாற்று முதல் சில வாரங்களைக் கடந்துவிட உதவுவதே இதன் வேலை. அந்தச் சில வாரங்கள்தான் காய்கறிப் பயிரில் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

உப்பு நாற்றை இரண்டு கட்டமாகத் தாக்குகிறது. முதல் கட்டம் சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ தொடங்கிவிடும். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்தால், பாத்தி ஈரமாக இருந்தும் வேரால் அந்த ஈரத்தை இழுக்க முடியாது. தண்ணீருக்கு நடுவிலேயே செடி வறட்சிக்கு ஆளாகிறது. இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, புதிய இலை விரிவது தாமதமாகிறது. இரண்டாம் கட்டம் மெதுவானது. நீரோடு மேலேறிய சோடியம் முதிர்ந்த இலைகளில் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். செடிக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியம் இருந்தால்தான் இயங்கும். அந்தப் பொட்டாசியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கை தடுமாறும்போது, செலவாகாமல் மிஞ்சும் ஒளியாற்றல் கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை செல்சவ்வுகளையும் பச்சையத்தையும் சிதைக்கின்றன. வெங்காயத்தாள் நுனியிலிருந்து காய்ந்து வருவதும், மிளகாய் நாற்றின் இலையோரம் கருகுவதும் இந்தக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். ரானா மன்ஸ், மார்க் டெஸ்டர் என்ற இரு தாவரவியலாளர்கள் 2008ஆம் ஆண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த இருகட்ட விளக்கத்தைத் தெளிவாக நிலைநிறுத்தியது. உப்பு பற்றிய ஆராய்ச்சிகள் இன்றும் அதைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன.

வளர்ந்த செடியைவிட நாற்று அதிகம் பாதிக்கப்படக் காரணம் உண்டு. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு மண்ணின் மேற்பரப்பில்தான் படிகிறது. நாற்றின் வேர் இருப்பதும் அந்த மேல் இரண்டு மூன்று அங்குலத்தில்தான். வளர்ந்த செடி சோடியத்தை அடியிலைகளில் ஒதுக்கி அவற்றை உதிர்த்துவிடலாம். நான்கு இலை மட்டுமே உள்ள நாற்றுக்கு உதிர்ப்பதற்கு எதுவும் இல்லை.

எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதற்கு உலகம் முழுவதும் பயன்படும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மாஸ், ஹாஃப்மன் ஆகியோர் 1977இல் வெளியிட்டது. மண்ணை நீரால் நிறைவித்து எடுத்த சாற்றின் மின்கடத்தும் திறனை அளவாகக் கொண்டது. அதன்படி பருத்தி மீட்டருக்கு 7.7 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். தக்காளிக்கு எல்லை 2.5. மிளகாய்க்கு 1.5. வெங்காயத்துக்கு 1.2தான். அந்த எல்லையைத் தாண்டியபின் ஒவ்வொரு அலகுக்கும் வெங்காயத்தில் 16 சதவீதமும் மிளகாயில் 14 சதவீதமும் தக்காளியில் ஏறத்தாழ 10 சதவீதமும் விளைச்சல் குறையும். அப்படியானால் மண்ணின் அளவு 3 ஆக இருக்கும் ஒரு வயலில் பருத்திக்கு எந்தக் குறையும் தெரியாது. தக்காளியில் 5 சதவீதம் குறையும். வெங்காயம் கால் பங்குக்கும் மேல் போய்விடும்.

குன்னம் பகுதிக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் உள்ள இவ்வட்டாரம் கரிசல் பரந்த பூமி. மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும், கிணறும் போரும் இருக்கும் இடங்களில் சின்ன வெங்காயம், மிளகாய், தக்காளி, கத்தரி என்று சாகுபடி நடக்கிறது. சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பேர்போனது. ஒரே நிலத்தில் பருத்தி நன்றாக வந்து அடுத்த போகத்தில் வெங்காயம் பின்தங்கினால், விதையின் மேலும் வியாபாரியின் மேலும் பழி போடும் முன் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. பருத்தி பொறுத்துக்கொண்ட உப்பை வெங்காயம் பொறுக்காது.

கரிசலில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் களி நனைந்தால் உப்பி, நீர் கீழே இறங்கும் வழியை அடைத்துக்கொள்கிறது. செம்மண்ணில் ஒரு நல்ல மழை கழுவிக் கொண்டுபோகும் உப்பு கரிசலில் எளிதில் இறங்குவதில்லை. மின்கடத்தும் திறன் 3 உள்ள நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு கரைந்திருக்கும். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். ஒரே பாசனத்தில் ஏறத்தாழ 400 கிலோ உப்பு வயலுக்குள் வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் இது அடுத்தடுத்துச் சேரும்.

உப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் உழவர்கள் உவர் வேறு, களர் வேறு என்று பிரித்தே பேசுவார்கள். மண்ணியலும் அவ்வாறே பிரிக்கிறது. உவர் மண்ணில் கரையும் உப்புகள் மிகுதி. மின்கடத்தும் திறன் 4க்கு மேல், கார அமில நிலை 8.5க்குக் கீழ். களர் மண்ணில் கரையும் உப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு கார அமில நிலையை 8.5க்கு மேலே கொண்டுபோய்விடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். 1969இல் தொடங்கப்பட்டு, கர்னாலில் இயங்கும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் 67 லட்சம் ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டில் அது 3.68 லட்சம் ஹெக்டேர், அதில் 3.54 லட்சம் ஹெக்டேர் களர். இருபதில் பத்தொன்பது பங்குக்கும் மேல் களர் என்ற இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் தாவரச் சாறு பற்றிய ஆராய்ச்சி முடிவுகளைப் படிக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

சாறுகளில் அதிகம் ஆராயப்பட்டது முருங்கை. மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவில் நிக்கோலாஸ் ஃபாய்டல் என்ற ஆய்வாளர் முருங்கையை மாட்டுத்தீவனமாகவும் எரிபொருளாகவும் பயன்படுத்தும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, இளந்தளிர்ச் சாற்றைப் பயிர்களில் தெளித்தும் பார்த்தார். வெங்காயம், மிளகாய் வகைகள், மக்காச்சோளம், சோளம் உட்படப் பல பயிர்களில் விளைச்சல் 20 முதல் 35 சதவீதம் வரை கூடியதாக அவரும் சக ஆய்வாளர்களும் 2001இல் தெரிவித்தார்கள். அந்தச் சோதனைகள் உப்பு நிலத்தில் நடந்தவை அல்ல. உப்புத் தாக்கத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பின்னால் வந்த பாகிஸ்தான், எகிப்து ஆய்வாளர்கள். பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் முருங்கைச் சாற்றை 30 மடங்கு நீர்த்து விதை நேர்த்திக்கும் இலைத்தெளிப்புக்கும் பயன்படுத்தினார்கள். எகிப்தில் பீன்ஸ் செடியில் இதே சாறு உப்பின் தாக்கத்தைக் குறைத்தது.

முருங்கையில் அப்படி என்ன இருக்கிறது? சியாட்டின் என்ற ஹார்மோன் அதன் இளந்தளிரில் மிகுதி. இது சைட்டோகைனின் குடும்பத்தைச் சேர்ந்தது. இயல்பாகச் செடியின் வேர்நுனிகள் சைட்டோகைனினை உற்பத்தி செய்து மேலே அனுப்புகின்றன. இலை இளமையோடும் பச்சையோடும் இருக்க அது வேண்டும். உப்பு தாக்கியவுடன் வேர் இதை அனுப்புவது குறைந்து, இலைத்துளைகளை மூடச்சொல்லும் அப்சிசிக் அமிலம் கூடுகிறது. இலை காலத்துக்கு முன்பே மூப்படைகிறது. வெளியிலிருந்து இலைமேல் கிடைக்கும் சியாட்டின் அந்த மூப்பைத் தள்ளிப்போடுகிறது. அதோடு வைட்டமின் சி, பீனால் பொருள்கள், பொட்டாசியம், கால்சியம் ஆகியவையும் சாற்றில் உண்டு. வைட்டமின் சியும் பீனால்களும் கேடு விளைவிக்கும் ஆக்சிஜனை அடக்க உதவுகின்றன. சாறு பெற்ற நாற்றுகளில் புரோலின் என்ற அமினோ அமிலத்தின் அளவு, இலையின் நீர்ப்பிடிப்பு, சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றை அளந்துதான் ஆய்வாளர்கள் பலனை மதிப்பிடுகிறார்கள். இவற்றில் எந்த ஒரு பொருள் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். சாறு ஒரு கலவை. அது கலவையாகவே வேலை செய்கிறது.

அடுத்தது கடற்பாசி. குளிர்கடலில் வளரும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசியின் சாறு கனடாவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலமாக வணிகப் பொருள். இந்தியாவில் அதன் இடத்தைப் பிடித்தது கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி. குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இதை இந்தியக் கடலுக்குக் கொண்டுவந்தது. பிறகு மண்டபம், பாம்பன் கரைகளில் மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் பயிராக அது மாறியது. புதிதாக அறுவடை செய்த பாசியைப் பிழிந்தால் ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் கராஜீனன் என்ற பசைப்பொருள் எடுக்கத் தகுந்த சக்கை. சாற்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பயிர் ஊக்கியாக்கும் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றதும் அதே நிறுவனம். சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் இந்தச் சாறு தொழிற்சாலையில் தயாராகிறது. கப்பாஃபைகஸ் சாற்றில் ஹார்மோன்களோடு கிளைசின் பீட்டெய்ன் என்ற பொருளும் இருக்கிறது. உப்பான சூழலில் செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்கச் செடிகள் தாங்களே உற்பத்தி செய்துகொள்ளும் பொருள் அது. கூடவே பொட்டாசியமும் நிறைய. ஆனால் கடலில் வளர்ந்த ஒன்றின் சாறு உப்பைச் சுமந்தே வரும். அளவு கூடினால் உப்பிலிருந்து காக்க வந்த சாறே இலையைக் கருக்கிவிடும்.

அதிமதுர வேர்ச் சாறு, கற்றாழைச் சாறு, பூண்டுச் சாறு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் அதிமதுரம் எகிப்தியர்களின் ஆய்வுகளில் மிளகாய்க்குப் பயன் தந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதைத் தொழில்நுட்பப் பரிந்துரைகளில் புங்கன் இலைச் சாறும் வேலிக்கருவை இலைச் சாறும் விதையைக் கடினப்படுத்த இடம்பெற்றுள்ளன. அவை முக்கியமாக வறட்சியை மனத்தில் வைத்து மானாவாரிப் பயிர்களுக்குச் சொல்லப்பட்டவை. உப்பின் முதல் கட்டத் தாக்குதலும் நீர்ப் பற்றாக்குறையே என்பதால், காய்கறி விதையில் இவற்றைச் சோதித்துப் பார்க்க நியாயமிருக்கிறது.

சாற்றின் அடர்த்தி பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சோளத் தட்டைச் சாற்றைச் செறிவாகக் கொடுத்தால் அது களை முளைப்பதை அடக்குகிறது. பாகிஸ்தானில் களைக்கட்டுப்பாட்டுக்காகவே அது நீண்டகாலம் ஆராயப்பட்டது. அதே சாற்றை மிகவும் நீர்த்துக் கொடுத்தால் பயிரின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. முருங்கைக்கும் இது பொருந்தும். நிறைய ஊற்றினால் நிறையப் பலன் என்ற எண்ணம் இங்கே நாற்றைக் கொன்றுவிடும்.

இனி ஆராய்ச்சியின் எல்லை. உப்பு பற்றிய சோதனைகளில் பெரும்பாலானவை தொட்டியிலோ முளைப்புத் தட்டிலோ நடந்தவை. உப்பாகக் கொடுத்தது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடு. தமிழ்நாட்டு உப்பு நிலத்தில் பெரும்பகுதியோ களர். களரில் நாற்றை வதைப்பது சோடியம் மட்டும் அல்ல. கார அமில நிலை ஏறுவதால் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போகின்றன. மண் இறுகுவதால் வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை. இலையில் தெளிக்கும் சாறு இவற்றில் எதையும் மாற்றாது. களர் நிலத்துக்கு மருந்து ஜிப்சமும் வடிகாலும் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரமும்தான். ஜிப்சத்தின் கால்சியம் களித்துகளிலிருந்து சோடியத்தைப் பெயர்க்கிறது. பெயர்ந்த சோடியத்தை நல்ல தண்ணீர் கழுவி இறக்க வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடியிருந்த பெரம்பலூர் மண்ணில் காரை, சாத்தனூர் பக்கம் களிப்படிவங்களுக்கு நடுவே ஜிப்சம் இழையிழையாக ஓடுகிறது. தேவையான பொருள் பக்கத்திலேயே இருக்கிறது என்பது இப்பகுதி உழவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. நெல்லில் களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற ரகங்கள் திருச்சியில் உள்ள வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்திருக்கின்றன. காய்கறியில் அப்படி உழவர் கைக்கு எட்டிய ரகங்கள் குறைவு என்பதால்தான் நாற்றுப் பருவத்தில் இத்தனை கவனம் தேவைப்படுகிறது.

எந்த வகை உப்பு என்பதை அறிய மண்வள அட்டையில் இரண்டு வரிகள் போதும்: கார அமில நிலை, மின்கடத்தும் திறன். நம் ஆய்வகங்கள் மண்ணைக் கூடுதல் நீரில் கலக்கி அளப்பதால், அட்டையில் வரும் மின்கடத்தும் திறன் மேலே சொன்ன அட்டவணை அளவைவிடப் பல மடங்கு குறைவாகத் தெரியும். அட்டையில் 1 என்று இருப்பதை வெங்காயத்தின் எல்லையான 1.2க்குக் கீழே என்று வாசித்து நிம்மதி அடைவது தவறு. கிணற்று நீரையும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். வாலிகண்டபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இந்த அளவுகளுக்கு விளக்கம் கேட்டுப் பெறலாம்.

சாறு தன் வேலையைச் செய்யத் தகுந்த இடம் நாற்றங்கால்தான். பரப்பு சிறியது, செலவு அற்பம், தவறினாலும் இழப்பு குறைவு. முருங்கையாக இருந்தால் கொழுந்தும் இளம் இலையும் மட்டும் பறித்து, சிறிது நீர் தெளித்து இடித்தோ அரைத்தோ மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்ட வேண்டும். ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு நீர். எடுத்த ஐந்து மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். புளித்த சாற்றில் ஹார்மோன் சிதைந்து கிருமிகள் பெருகியிருக்கும். விதையை ஊறவைப்பதென்றால் சில மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி, தாமதிக்காமல் விதைக்க வேண்டும். மருந்து பூசிச் சாயமேற்றிய வீரிய விதைகளை ஊறவைக்கக் கூடாது. பூஞ்சாணத்திலிருந்து காக்கும் மருந்து சாற்றில் கரைந்து போய்விடும். அவற்றுக்கு முளைத்த பத்து நாளில் இலைத்தெளிப்பு போதும். மாலை நேரம் நல்லது. வெயிலில் தெளித்தால் நீர் உடனே உலர்ந்து சாறு உள்ளே போகாது. சாறு கலக்கும் நீரும் நல்ல நீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் சாற்றைக் கலந்து தெளிப்பதில் பொருளே இல்லை.

குழித்தட்டில் நாற்று வளர்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் தென்னை நார்க் கழிவு. சரியாகக் கழுவாத நார்க் கழிவிலேயே சோடியமும் குளோரைடும் நிறைய இருக்கும். கடலோரக் குட்டைகளில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததென்றால் இன்னும் அதிகம். வயலுக்குப் போகும் முன்பே நாற்று உப்பில் நிற்கும். நல்ல தண்ணீரில் சில முறை அலசி, வடியும் நீரின் மின்கடத்தும் திறனை ஒரு சிறு மீட்டரில் பார்த்த பிறகு தட்டை நிரப்ப வேண்டும். முதல் இரண்டு வாரமாவது பண்ணைக்குட்டையிலோ தொட்டியிலோ சேர்த்த மழைநீரைப் பூவாளியில் ஊற்றுவது எந்தச் சாற்றையும்விடப் பயன் தரும். கடைசி வாரத்தில் வயலுக்குப் பாயப்போகும் கிணற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். முழுக்க நல்ல நீரில் வளர்ந்த நாற்று திடீரென உப்புக்குள் போனால் துவண்டுவிடும். நடவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு தெளிப்பு கொடுத்தால் சாறு அந்த மாற்றத்தைத் தாங்க உதவும்.

பலன் உண்டா என்பதை அறிய ஒரே நேர்மையான வழி, சில தட்டுகளைச் சாறு தராமல் ஒதுக்கிவைப்பது. அவற்றுக்கும் அதே நேரத்தில் வெறும் நீரைத் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை நனைந்ததால் வந்த நன்மையையும் சாற்றின் கணக்கில் எழுதிவிடுவோம். நட்ட இருபதாம் நாளில் எத்தனை நாற்று பிழைத்தது, எத்தனைக்கு நுனி கருகியது என்று எண்ணினால் அந்த மண்ணுக்கும் அந்தத் தண்ணீருக்கும் உரிய விடை கிடைக்கும்.

கடையில் புட்டியாகக் கிடைக்கும் சாறுகள் நீண்டகாலம் எந்தச் சட்டத்துக்கும் உட்படாமல் விற்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்திப் பயிர் ஊக்கிகளையும் அதற்குள் கொண்டுவந்தது. கடற்பாசி உள்ளிட்ட தாவரச் சாறுகள் அதில் ஒரு வகை. ஆணையின் கீழ் பதிவு பெற்றதா, எந்தப் பயிருக்கு, எந்த அளவில் என்பதை வாங்கும்போது லேபிளில் பார்க்கலாம். பெயரும் படமும் மட்டும் உள்ள புட்டியை விட்டுவிட வேண்டும்.

நாற்று வயலுக்குப் போகும் நாளில் நடும் இடமும் கணக்கில் வரும். பாரும் வாய்க்காலுமாகப் பாய்ச்சும்போது நீர் பாரின் ஓரத்திலிருந்து உச்சிக்கு ஊறி, அங்கே ஆவியாகி, உப்பை உச்சியிலேயே விட்டுச்செல்கிறது. வெள்ளையாகப் பூப்பது அங்கேதான். ஆகவே உச்சியில் நடாமல் பாரின் சரிவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நட வேண்டும். சொட்டுநீர் போட்டிருந்தால் நாற்று சொட்டும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஈரவட்டத்தின் விளிம்பில்தான் உப்பு சேரும். வெங்காய நாற்றின் முதல் புதுத்தாள் வந்த பிறகு, அதே 30 பங்கு நீரில் கலந்த சாற்றை இன்னொரு முறை தெளிக்கலாம்.